பல் டொக்டர் வராத இடத்தில் வாயைப் பார்ப்பது யார்?



குருவிட்ட நகரிலிருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் போவதற்கு அதிக தூரம் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். ஆனால் மேட்டு லயத்தில் குடியிருக்கும் ஒரு தாய் பல்வலிக்காக அங்கு போய்வர வேண்டுமானால் கணக்கு வேறு. ரோட்டுக்கு இறங்கி வரும் நடை ஒரு பக்கம், அன்றைய பேர் இல்லாமற் போவது இன்னொரு பக்கம், கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் தேடுவது மற்றொரு பக்கம். ஆகவே அவர் கராம்பை நசுக்கி வலிக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விடுகிறார். இனித் தாங்க முடியாது என்ற நாளில் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்.

மண்சரிவாலும் வெள்ளத்தாலும் போராலும் காணியை விட்டுப் புறப்பட்டு, தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்க நேர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். இடம்பெயரும்போது அடையாள அட்டையை எடுக்கிறோம், பிள்ளையின் கிளினிக் அட்டையை எடுக்கிறோம், சட்டி பானையை எடுக்கிறோம். பல் துலக்கும் பிரஷ் யாருடைய நினைவுக்கு வரும்?

இம்முறை நாம் சேர்ந்து படிக்க எடுத்துக்கொண்ட கேள்வி இது. பல் வைத்தியப் பட்டம் பெறாத, ஆனால் பல்லையும் முரசையும் (ஈறு என்றும் சொல்வோம்) சுத்தம் செய்யவும் பாதுகாக்கவும் முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர், பல் வைத்தியர் பக்கத்தில் இல்லாமலே தம் வேலையைச் செய்ய அனுமதிக்கலாமா? மேல்நாடுகளில் இவரை 'டென்டல் ஹைஜினிஸ்ட்' என்பார்கள். நாம் பற்சுகாதாரப் பணியாளர் என்று சொல்லுவோம். இது ஏதோ பட்டணத்துச் சண்டை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன அந்தத் தாயின் பல் நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது.

தோட்டத்து வாயிலிருந்து உலகம் படித்த பாடம்

முதலில், நம்மில் பலர் அறியாத ஒரு செய்தி. 1970ஆம் ஆண்டில் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் நுவரெலியா மாவட்டத்தின் டன்சினன், ஹரோ தோட்டங்களுக்கு வந்தார்கள். 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பல் வைத்திய வசதியோ, இன்று நாம் அறிந்த முறையில் பல் துலக்கும் பழக்கமோ இல்லாதவர்கள் என்பதனாலேயே இவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். யாரும் கை வைக்காவிட்டால் முரசு நோய் எப்படி வளரும் என்று பார்ப்பதே நோக்கம். 1985 வரை, பதினைந்து ஆண்டுகளாக, அதே ஆட்களைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள்.

1986இல் முடிவுகள் வெளியாயின. நூற்றுக்கு 11 பேருக்கு முரசு வீக்கத்துக்கு மேல் நோய் வளரவில்லை. 81 பேருக்கு அது மெல்ல மெல்லப் பல்லின் பிடியை அரித்தது. மீதி 8 பேருக்கு வேகமாக அரித்து, நாற்பத்தைந்து வயதை எட்டும்போது பற்கள் அநேகமாக எல்லாம் போய்விட்டன. சூத்தைப் பல் என்பது அவர்களிடம் ஏறக்குறைய இல்லை என்பதையும் கவனியுங்கள். பல்லில் குறை இல்லை. பல்லைப் பிடித்திருந்த முரசும் எலும்புமே கரைந்தன.

இன்றும் உலகெங்கும் பல் வைத்தியம் படிக்கிற மாணவர்கள் இந்த எண்களைப் படித்துத்தான் பரீட்சை எழுதுகிறார்கள். எங்கள் மக்களின் வாய் உலகத்துக்குப் பாடப்புத்தகம் ஆயிற்று. அளவுகோலுடன் பதினைந்து வருடம் வர முடிந்த இடத்துக்கு, காறை சுரண்டும் கருவியுடன் ஒருவர் வர முடியாமற் போனது ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஏனென்றால் இந்த நோய்க்கு ஆரம்பத்தில் வேண்டியது பெரிய வைத்தியம் அல்ல. உணவுக்குப் பின் பல்லின் அடியில் படியும் மாவு போன்ற அழுக்கில் கிருமிகள் வளர்கின்றன. அதை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணத்துடன் சேர்ந்து காறையாக இறுகும். காறை இறுகியபின் பிரஷுக்கு அசையாது. அதன்மேல் மீண்டும் அழுக்குப் படியும். முரசு சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும். பிறகு உள்ளே எலும்பு கரையும், பல் ஆடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் போடுகிறவர்கள் வாயில் கறையும் காறையும் எவ்வளவு தடிப்பாக ஏறும் என்பதை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம். இந்தக் காறையைச் சுரண்டி எடுப்பதும், வீட்டில் துலக்கக் கற்பிப்பதும், சில மாதம் கழித்து மீண்டும் பார்ப்பதும்தான் சிகிச்சையின் முதற்படி. பற்சுகாதாரப் பணியாளர் படிப்பது இந்த வேலையைத்தான்.

கனெற்றிக்கட்டிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும்

இந்தத் தொழில் 1913இல் ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்து பிரிஜ்போர்ட் நகரில் முறையாகத் தொடங்கியது. அல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் வைத்தியர் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடசாலைகளுக்கு அனுப்பிப் பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்ய வைத்தார்.

நியூசிலாந்து இன்னும் ஓர் அடி முன்னால் போனது. முதலாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது இளைஞர்களின் பற்கள் இருந்த நிலையைக் கண்டு அந்நாடு திடுக்கிட்டது. படையின் பல் வைத்தியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தோமஸ் ஹண்டர் என்பவர், 1921இல் வெலிங்டனில் இளம் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சியை ஆரம்பித்தார். இவர்கள் பாடசாலைப் பல் தாதிகள். சுத்தம் செய்வதோடு நில்லாமல், சிறு சூத்தைகளை அடைக்கவும் பாற்பற்களைப் பிடுங்கவும் கற்றார்கள். பாடசாலை வளவிலேயே ஒரு சிறு அறை; அதில் ஒரு தாதி; பல் வைத்தியர் எங்கோ தூரத்தில். இந்த ஏற்பாட்டில்தான் அந்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சிகிச்சை பெற்றார்கள்.

அந்தக் கன்று நமது மண்ணிலும் நடப்பட்டது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியுடன் மஹரகமவில் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. அங்கிருந்து வெளிவருபவர்கள்தான் இன்று பாடசாலைப் பல் சிகிச்சையாளர் எனப்படுகிறார்கள். மூன்று வயது தொடக்கம் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகள் இவர்களுடைய பொறுப்பு. கர்ப்பிணித் தாய்மாரின் பற்பரிசோதனையும் நாட்டின் தாய்சேய் நலத் திட்டத்தில் உண்டு.

ஆகவே சகோதரர்களே, நாம் எடுத்த கேள்விக்கு இலங்கை எழுபது வருடத்துக்கு முன்னரே பாதிப் பதில் சொல்லிவிட்டது. பிள்ளையின் வாயை, பல் வைத்தியர் அருகில் இல்லாமலே, பயிற்சி பெற்ற ஒரு பெண் பார்க்கலாம். மேலே மேற்பார்வை உண்டு. ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒருவர் பின்னால் நின்று தலையாட்ட வேண்டியதில்லை.

மருத்துவிச்சி அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவர் வீடு தேடி வருகிறார், வயிற்றைத் தடவிப் பார்க்கிறார், கால் வீங்கியிருந்தால் உடனே வைத்தியசாலைக்குத் துண்டு எழுதுகிறார். டொக்டர் கூட வரவில்லையே என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்புவதில்லை. எதைத் தாம் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரியும். இந்நாட்டில் பிரசவத்தில் தாய்மார் இறப்பது இவ்வளவு குறைந்ததற்கு அவருடைய நடையும் ஒரு காரணம்.

ஆனால் பதின்மூன்று வயதோடு அந்தக் கதவு மூடுகிறது. மகனைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக் கிளினிக்குக்குப் போகும் தகப்பனுக்கு நாற்பது வயது, முன்பல் ஆடுகிறது, வாய் நிறையக் காறை. அதே கருவி அங்கேயே தட்டில் இருக்கிறது. அவருக்கு அங்கே இடமில்லை. இன்னொன்று, இந்தச் சேவை பாடசாலை இடாப்பை வைத்தே நடக்கிறது. இடம்பெயர்ந்து வந்து இன்னும் பாடசாலையில் சேராத பிள்ளை, அல்லது ஆண்டு நடுவில் பாடசாலை மாறிய பிள்ளை, எந்த இடாப்பிலும் இல்லாமல் நழுவிவிடும். இதைப் பெற்றோர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

மறுப்பவர்கள் சொல்வது

பற்சுகாதாரப் பணியாளர் தனித்து இயங்கக்கூடாது என்கிற பல் வைத்தியர்கள் எல்லோரும் தங்கள் வருமானத்தைக் காக்கவே பேசுகிறார்கள் என்று சொல்வது நியாயமல்ல. அப்படியும் சிலர் இருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்வதில் நாம் காது கொடுக்க வேண்டியவை உண்டு.

காறை எடுக்கும்போது இரத்தம் வரும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு அது நிற்காமல் போகலாம். இருதய வால்வில் பழுதுள்ளவருக்கு வாய்க்கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கலாம். நீரிழிவுக்காரரின் முரசு எளிதில் ஆறாது. கருவிகளைச் சரியாகக் கொதிநீராவியில் சுத்திகரிக்காவிட்டால் ஒருவரின் ஈரல் அழற்சி இன்னொருவருக்குப் போகும். இவற்றுக்கெல்லாம் பதில் பயிற்சியிலும் ஒழுங்கிலும் இருக்கிறது. கேள்வி கேட்டு எழுதி வைத்துத் தொடங்குவதும், சந்தேகமானால் நிறுத்தி அனுப்புவதும் கற்பிக்கக் கூடியவையே.

நமக்கு மிகவும் உறைக்கிற மறுப்பு வேறு. "ஏழைக்கு அரை வைத்தியமா? பணக்காரனுக்கு டொக்டர், தோட்டக்காரனுக்குப் பணியாளரா?" தோட்டத்து வரலாறு தெரிந்தவர்கள் இதை இலேசாகத் தள்ளிவிட மாட்டார்கள். தகுதியான வைத்தியருக்குப் பதிலாக ஒரு மருந்துப் போத்தலைக் கொடுத்து நம்மைத் திருப்பி அனுப்பிய காலம் உண்டு. ஆனால் மேல்நாட்டில் வசதியுள்ளவர்களின் காறையை எடுப்பதும் பெரும்பாலும் இந்தப் பணியாளர்கள்தான். அது அரை வைத்தியம் அல்ல. அந்த வேலைக்கு அதுவே முழு வைத்தியம். அவர் கண்டுபிடித்த பெரிய நோய்க்கு மேலே போக வழி இல்லாவிட்டால்தான் அது அரை வைத்தியமாகும்.

துண்டு எங்கே போய் முடிகிறது?

இந்த இடத்தில் நாம் சற்று நின்று படிக்க வேண்டும். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மறுப்பவர்களின் பெரிய பயம் வாய்ப் புற்றுநோய். பணியாளர் பல்லையே பார்த்துக்கொண்டிருந்து கன்னத்தின் வெள்ளைத் திட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுவார் என்கிறார்கள். பயம் நம் மாகாணத்துக்கு மிகவும் பொருந்தும். 2006, 2007ஆம் ஆண்டுகளில் சப்ரகமுவ மாகாணத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரின் வாயைப் பரிசோதித்த ஆய்வொன்று, புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் நூற்றுக்கு 11 பேரளவில் இருப்பதாகக் கணித்தது. வெற்றிலை மெல்லுவதே அதில் முன்னணிக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதியாகச் சொல்லிவிட்டது.

பட்டம் பெறாத பணியாளரால் இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? உலகில் இதை முதன்முதலாகப் பெரிய அளவில் சோதித்த இடங்களில் ஒன்று இலங்கை. சமன் வர்ணகுலசூரிய என்ற இலங்கை அறிஞரும் அவர் குழுவினரும் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, வீடு வீடாக வாய்களைப் பார்க்க வைத்தார்கள். முடிவை 1984இல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் 28,000க்கு மேற்பட்டவர்கள் பார்க்கப்பட்டார்கள். அவர்களில் 1,220 பேருக்குச் சந்தேகத்தின்பேரில் துண்டு கொடுக்கப்பட்டது. துண்டோடு வைத்தியரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பணியாளர் சந்தேகித்தது சரியாகவே இருந்தது.

ஆனால் துண்டு பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வைத்தியரிடம் வரவேயில்லை.

இந்த வரியை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். பணியாளரின் கண் தவறவில்லை. துண்டு வழியில் தொலைந்தது. ஏன் வரவில்லை என்பதை நாம் எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வலியில்லாத வெள்ளைத் திட்டுக்காக யார் ஒரு நாள் பேரை விடுவார்? தனித்து இயங்க அனுமதி கொடுப்பதா இல்லையா என்று கொழும்பில் விவாதிப்பவர்கள் மறந்துபோகிற பாதி இது. அனுமதி மட்டும் கொடுத்தால் பணியாளர் லயத்துக்கு வருவார், நோயைக் காண்பார், எழுதிக் கொடுப்பார். அந்தக் கடதாசி கூரைச் சிலாகையில் செருகப்பட்டு அங்கேயே மஞ்சளாகும்.

மற்ற நாடுகள் வைத்த ஒழுங்கு

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1987இல் பற்சுகாதாரப் பணியாளர்கள் பல் வைத்தியரின் மேற்பார்வையின்றித் தொழில் செய்யச் சட்டத்தில் இடம் கொடுத்தது. நெதர்லாந்தில் 2006 முதலும், பிரித்தானியாவில் 2013 மே மாதம் முதலும் நோயாளி பல் வைத்தியரிடம் முதலில் போகாமலே நேரே இவரிடம் போகலாம்.

நமக்கு அதிகம் பொருந்துவது கலிபோர்னியாவின் ஏற்பாடு. அங்கே இதற்கெனத் தனி அனுமதி பெற்றவர்கள் பாடசாலைகளிலும், முதியோர் இல்லங்களிலும், நடக்க முடியாதவர்களின் வீடுகளிலும், பல் வைத்தியர் குறைந்த பகுதிகளிலும் தனித்து வேலை செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை. மேலே அனுப்ப வேண்டிய நோயாளியை யாரிடம் அனுப்புவார் என்று, ஒரு பல் வைத்தியரோடு செய்த ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். துண்டு போய்ச் சேரும் இடத்தை முதலில் காட்டு, பிறகு வேலையைத் தொடங்கு என்பதே இதன் பொருள்.

அலாஸ்காவின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். பனி மூடிய, ரோட்டே இல்லாத பழங்குடிக் கிராமங்கள் அவை. பல் வைத்தியர் எப்போதாவது விமானத்தில் வந்து போவார். அம்மக்களின் சுகாதார அமைப்பு 2003இல் தம் பிள்ளைகளில் சிலரை நியூசிலாந்துக்கு அனுப்பிப் பல் சிகிச்சையாளராகப் படிக்க வைத்தது. நமது மஹரகமவுக்கு விதை வந்த அதே நாடு. அவர்கள் திரும்பி வந்து வேலை தொடங்கியதும் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2006இல் வழக்குத் தொடுத்தது. 2007இல் நீதிமன்றத் தீர்ப்பு கிராமங்களின் பக்கமே நின்றது. படித்து வந்தவர்கள் அந்த மக்களின் சொந்தப் பிள்ளைகள், அந்த மொழி பேசுகிறவர்கள். சிங்களம் சரியாக வராத ஒரு பாட்டி, தன் வாயில் எங்கே எரிகிறது என்று சொல்ல முடியாமல் கிளினிக் வாங்கில் இருப்பதைக் கண்டவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

எமது கருத்து இது. தோட்டங்களிலும் குடியேற்றங்களிலும் தற்காலிக முகாம்களிலும் வயது வந்தவர்களின் காறையை எடுக்கவும், வாயைப் பரிசோதிக்கவும், துலக்கக் கற்பிக்கவும், பயிற்சி பெற்ற பணியாளர் தனித்து வேலை செய்ய அனுமதி வேண்டும். நிலைத்த பல்லைப் பிடுங்குவதும், ஆழமான முரசுச் சிகிச்சையும், திட்டுக்கும் கட்டிக்கும் பெயர் வைப்பதும் பல் வைத்தியருடைய வேலையாகவே இருக்கட்டும். துண்டு எழுதப்பட்டவர் போய்ச் சேர்ந்தாரா என்று ஒருவர் புத்தகத்தில் குறித்துப் பார்க்க வேண்டும்; போகாதவரைத் தேடிப் போக வேண்டும். துண்டுக்குரிய நாளில் பேர் வெட்டப்படாது என்று தோட்டத்தோடு பேசி எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னது சுகாதாரத் துறையின் வேலை அல்ல. அது சங்கங்களும் மாதர் குழுக்களும் கேட்க வேண்டியது.

அதுவரைக்கும் வீட்டில்

சட்டம் மாறும்வரை வாய் காத்திருக்காது. நாற்பது தாண்டிய, வெற்றிலை போடுகிற ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்துப் பார்க்கலாம். உதட்டை மடித்து, இரு கன்னங்களையும் விரலால் விலக்கி, நாக்கை நீட்டி அதன் இரு ஓரங்களையும், பிறகு நாக்கைத் தூக்கி அடியையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி இவற்றில் ஒன்று இருந்தால் வலி வரும்வரை இருக்க வேண்டாம். மூன்று விரல்களைச் செங்குத்தாகச் சேர்த்து வாய்க்குள் வைக்க முடியாதபடி வாய் இறுகி வந்தாலும், காரம் பட்டால் எரிந்தாலும் அதுவும் அடையாளமே. அரசாங்க வைத்தியசாலையில் இதைக் காட்டக் காசு இல்லை.

கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்க்கும். அழுக்கைவிடப் பல்லையே அதிகம் தேய்க்கும். புளோரைட் உள்ள பற்பசை, பெரியவருக்குப் பட்டாணி அளவு, மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரிசி அளவு போதும். காலையிலும் படுக்கப் போகுமுன்னும். முரசில் இரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்துகிறார்கள் பலர். இரத்தம் வருவது துலக்காததனால்தான். மென்மையான பிரஷால் தொடர்ந்து துலக்க, சில வாரத்தில் அது குறையும். குறையாவிட்டால் உள்ளே காறை இருக்கிறது.

குழுவாகக் கூடும்போது இவற்றைப் பேசிப் பாருங்கள். நமது லயத்தில் அல்லது முகாமில் நாற்பது தாண்டியவர்களில் எத்தனை பேர் வெற்றிலை போடுகிறோம், அவர்களில் எத்தனை பேரின் வாயை யாராவது ஒருமுறையாவது பார்த்திருக்கிறார்கள்? பக்கத்துப் பாடசாலைப் பல் கிளினிக் எந்தக் கிழமையில் திறக்கும், புதிதாக வந்த பிள்ளைகளின் பெயர் அந்த இடாப்பில் ஏறியதா? கர்ப்பிணிகளைப் பல்லுக்கு அனுப்பியதா என்று மருத்துவிச்சி அம்மாவிடம் யார் கேட்பது? சாதாரண தரம் தாண்டிய எமது பெண் பிள்ளைகளில் மஹரகமப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கூடியவர் யார், அதற்கு என்ன தகுதி வேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்க அடுத்த வாரம் யார் போகிறார்? கூட்டம் கலையுமுன் அந்த ஒரு பெயரையாவது கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.